கிறுக்குக்கு முன்னால் ஒரு சொல்

மதுரைக்காரர் ஒருவரைப் பார்த்து, "உங்களுக்கு ஏதோ கிறுக்காமே?" என்று கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். முகம் மலர்ந்துபோகும். "யாரு சொன்னா?" என்று வெட்கப்படுவார். பிறகு உங்களை உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, தன் கிறுக்கின் அருமை பெருமைகளைச் சொல்லத் தொடங்குவார். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை நடக்காது. நான் பட்டவள், சொல்கிறேன்.

அவனியாபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு மாட்டுக் கிறுக்கு. பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தால் கஷாயம் போடச் சொல்லிவிட்டுப் போவார். காளை ஒரு தும்மல் தும்மினால் வைத்தியரைத் தேடி ஓடுவார். கோரிப்பாளையத்தில் எங்கள் வெல்லக் கடைக்குச் சாக்கு தைத்துக் கொடுத்த பாய்க்குப் புறாக் கிறுக்கு. வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, வைகைக் கரையில் துணி சுமந்து வந்த கழுதை மேல் மோதி விழுந்தவர். அவர் வீட்டம்மா என்னிடம், "நீங்க கிறுக்குங்கிறீங்க, நாங்க ஷவுக்குங்கிறோம். எப்படிச் சொன்னாலும் சோறு ஆறிப்போறது ஒண்ணுதாம்மா" என்பார். பாவம், அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

இந்தச் சொல்லுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முன்னால் ஒரு சொல் நின்றால் அது செல்லம். மாட்டுக் கிறுக்கு, புறாக் கிறுக்கு, நாடகக் கிறுக்கு. முன்னால் ஒன்றும் இல்லாமல் தனியாக நின்றால் வியாதி. இந்த இலக்கணம் தெரியாத ஊரில் நான் பிறந்தேன். அதனால் என் கல்யாணம் தாலிக்கயிற்றின் நுனிவரை வந்து நின்றது.

என் பிறந்த வீடு உடுமலைப்பேட்டைப் பக்கம். அப்பா பருத்தி வியாபாரி. எங்கள் பக்கத்தில் கிறுக்கு என்றால் ஒரே கிறுக்குதான்: வேப்பிலை, மந்திரிப்பு, அடங்காவிட்டால் சங்கிலி. ஆசை மிஞ்சினால் அதற்குப் பைத்தியம் என்று வேறு சொல் வைத்திருந்தோம். அப்பாவுக்கு மாட்டுச் சந்தைப் பைத்தியம். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு வருவார். அம்மா அவரைச் சந்தைப் பைத்தியம் என்று வாய்நிறையச் சொல்லுவாள். அதில் யாருக்கும் பயம் கிடையாது.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னால், சொந்தக்காரர் ஒருவர் மூலமாக மதுரையிலிருந்து ஒரு வரன் வந்தது. சிம்மக்கல்லில் வெல்ல மண்டி. ஒரே பையன். பெண் பார்க்க வந்தவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் காப்பியை வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் மேளக்காரர் நாயனத்தை எடுத்து ஊதத் தொடங்கினார். நாயனம் என்றுதான் எங்கள் பக்கம் நாகஸ்வரத்தைச் சொல்லுவோம். ஊதியதுதான் தாமதம், இவர் முகம் பல்வலிக்காரர் முகம் மாதிரிக் கோணிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"இங்க கோயில்ல வாசிக்கிறது யாருங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"எங்கூரு ஆளுதானுங்க. நல்லா வாசிப்பாருங்க" என்றார் அப்பா.

"அப்படிங்களா" என்று மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார். நல்லா வாசிக்கிறார் என்று ஒரு பேச்சுக்குக்கூட அவருக்குச் சொல்ல வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத முகம் அது. எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. இப்போது என்ன, தாராளமாகச் சொல்கிறேன்: அன்று முதல் எனக்கு அவர்தான் வேண்டும் என்று இருந்தது.

நிச்சயமும் ஆயிற்று. கல்யாணம் அவர்கள் வழக்கப்படி மதுரையில். பத்திரிகை அடித்தபிறகு, சத்திரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா ரயிலேறினார். போன இடத்தில், பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். சிம்மக்கல்லில் மண்டிக்கு எதிரே இருந்த சோடாக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே மெல்ல விசாரித்தார். அங்கே நடந்த பேச்சைப் பிற்பாடு அப்பா வாயாலும் சோடாக் கடைக்காரர் வாயாலும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்.

"வெல்ல மண்டிப் பையனா? தங்கமான பையன்ணே" என்றார் சோடாக் கடைக்காரர். "பீடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒருத்தரை எடுத்தெறிஞ்சு பேச மாட்டாரு. என்ன, கிறுக்கு உண்டு. அது ஒண்ணுதான்."

அப்பாவுக்குச் சோடா தொண்டையிலேயே நின்றுவிட்டது. "கிறுக்குங்களா?"

"லேசுப்பட்ட கிறுக்கு இல்லண்ணே. மத்த நேரத்துல உங்களையும் என்னையும் மாதிரித்தான் இருப்பாரு. சாமி வந்தா அம்புட்டுத்தான். ஆளைப் பிடிக்க முடியாது."

"சாமி... அடிக்கடி வருங்களா?"

"மதுரையில இருந்துக்கிட்டு வராம எப்படிண்ணே? மாசந்தவறாம வரும். சித்திரையிலயும் ஆவணியிலயும் கேக்கவே வேணாம். காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி."

"வந்தா என்ன பண்ணுவாருங்க?"

"என்ன பண்ணுவாரு, கடையை அப்படியே போட்டுட்டுக் கிளம்பிருவாரு. தலை ஆடும். கண்ணுல தண்ணி தாரைதாரையா ஊத்தும். சோறு தண்ணி கிடையாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு. அவுக அம்மா ஒருக்கா உள்ள வச்சுக் கதவைச் சாத்திப் பாத்துச்சு. மாடியில ஏறிக் குதிச்சுப் போயிட்டாருல்ல!"

இதையெல்லாம் அந்த மனிதர் தன் தெருப் பையனின் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். அப்பா பாதிச் சோடாவோடு குப்பியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். என்ன கிறுக்கு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பைத்தியம் பிடித்த வீட்டைப் பற்றி அதற்கு மேலும் துருவிக் கேட்பது மனுஷத்தனம் இல்லை என்று அவர் நினைத்துவிட்டார். நல்ல மனிதர்களுக்கு வருகிற கஷ்டமே இதுதான்.

இருந்தாலும் மனசு கேட்காமல் மாப்பிள்ளை வீட்டுக்கும் போனார். என் மாமியாரிடம் சுற்றி வளைத்து, "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு எல்லாம் சொகந்தானுங்களே? அந்தச் சாமி விசயம்..." என்று இழுத்தார்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். "உங்க காதுக்கும் வந்துருச்சா? சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தாங்க. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு, ரத்தத்துல ஓடுது. ஒரு கால்கட்டைப் போட்டா அடங்குவான்னு பாக்குறேன்."

அப்பா ஊர் திரும்பியபோது கருவாடாகக் காய்ந்த முகத்தோடு வந்தார். கை கால் கழுவவில்லை, சாப்பிடவில்லை. அம்மாவையும் என்னையும் எதிரே உட்கார வைத்து ஒன்று விடாமல் சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பத்திரிகை அடிச்சாச்சுங்களே!" என்றாள் அம்மா.

"பத்திரிகை வெறுங் காயிதம். இவ நம்ம உசுரு" என்றார் அப்பா.

நான் எந்தக் காலத்திலும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இல்லை. "கிறுக்கா இருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்காதுங்களா? என் முன்னால உக்காந்து காப்பி குடிச்சாரே, தலை ஆடுச்சுங்களா, கண்ணுல தண்ணி ஊத்துச்சுங்களா?" என்று கத்தினேன்.

"அன்னைக்குச் சாமி வரலை, அம்மிணி" என்றார் அப்பா, ரொம்ப மெதுவாக.

அழுதேன். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் நேரே அப்பா முன்னால் போய் நின்று, "எனக்கு அவரைத்தான் புடிச்சிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் வாயிலிருந்து வருகிற பேச்சா இது! அம்மா சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டாள். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"சரி கண்ணு. மதுரைக்குப் போலாம்" என்றார். "தாலி ஏறுற வரைக்கும் நான் அவரைப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு குறி தெரிஞ்சாலும் நான் வந்து எந்திரின்னு சொல்லுவேன். மணவறையா இருந்தாலும் நீ எந்திரிச்சு வந்துரோணும். ஊரு வாயை நான் பாத்துக்கறேன்."

"சரிங்கப்பா" என்று அவர் கைமேல் கையை வைத்தேன்.

மகளைப் பாரமாக எண்ணி எவன் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்று இருந்த தகப்பன்மார் நடுவில், மணவறையிலிருந்தும் எழுந்து வா என்று சொன்ன மனிதர் அவர். என் அப்பாவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

கல்யாண நாள் வந்தது. வைகைக் கரையோரம் ஒரு சத்திரம். நான் மணவறையில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாலும் ஓரக்கண்ணால் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒழுங்காக இருந்தார். ஐயர் சொன்ன மந்திரத்தைச் சொன்னார், கொடுத்த பூவைப் போட்டார். எதிரே முதல் வரிசையில் அப்பா, இமை கொட்டாமல் விழித்த கண்ணோடு.

மேளத்துக்கு வந்திருந்த வித்வானைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஒல்லியான, வயசான மனிதர். காதில் கடுக்கன். கல்யாண வேலையில் மாப்பிள்ளை தானாகப் போய்ச் செய்த ஒரே வேலை, அவர் ஊருக்குப் போய், அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து, அவரைக் கூட்டி வந்ததுதான் என்று பின்னால் சொன்னார்கள். அதுவரை சும்மா இரண்டு உருப்படி வாசித்துக்கொண்டிருந்தவர், முகூர்த்த நேரம் நெருங்கியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, நாயனத்தை எடுத்து ஒரு ராகத்தைத் தொட்டார். அது சாவேரி என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்குச் சாவேரியும் தெரியாது, சப்போட்டாவும் தெரியாது.

பக்கத்தில் தலை ஆடத் தொடங்கியது.

முதலில் லேசாக. அப்புறம் நன்றாகவே. கண் மூடிக்கொண்டது. மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் புறப்பட்டு, சந்தனம் பூசிய கன்னத்தில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. சோடாக் கடைக்காரர் சொன்னதில் ஒன்று குறையவில்லை. ஐயர் தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அதைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் குரல் கொடுத்தார்.

தவில்காரர் குச்சியை ஓங்கினார். என் மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? கண்ணைத் திறக்காமலே இடக்கையைத் தூக்கி, இருங்கள் என்று தவில்காரரை நிறுத்தினார். உலகத்தில் எந்த மாப்பிள்ளையாவது தன் கெட்டிமேளத்தைத் தானே நிறுத்தியதுண்டா? தவில்காரரும் குச்சியை இறக்கிவிட்டார். நாயனக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ராகத்தை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணவறைக்கு வந்து, என் காதருகே குனிந்தார்.

"அம்மிணி, எந்திரி. போலாம்."

கொடுத்த வாக்கு. எழுந்திருக்கவேண்டும். காலை மடக்கி ஊன்றினேன். எழுவதற்கு முன்னால் ஒரே ஒரு தரம், இனி எங்கே பார்க்கப்போகிறோம் என்று அவர் முகத்தை நிமிர்ந்தே பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. நாயனம் மேலே ஏறியபோது அவர் முகவாய் மேலே போயிற்று. அது ஓரிடத்தில் நின்று இழைந்தபோது இவர் தலை நின்றது. அது குழைந்து திரும்பியபோது இவரும் திரும்பினார். கிறுக்குப் பிடித்த தலை தன் பாட்டுக்கு ஆடும். இந்தத் தலை அந்தக் குழல் சொன்னபடி அல்லவா ஆடுகிறது! அதுவரை என் காதில் விழாமலே போய்க்கொண்டிருந்த நாயனம், அவர் தலையைப் பார்த்தபிறகுதான் எனக்குக் கேட்கத் தொடங்கியது. கேட்டால், சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அழுகை வந்துவிட்டது.

"அப்பா, இது அந்தக் கிறுக்கு இல்லீங்க" என்றேன். "இது மேளக் கிறுக்கு."

அப்பா துண்டைக் கட்டிய இடுப்போடு திகைத்துப்போய் அங்கேயே நின்றார். எனக்கும் அவருக்கும் தவிர வேறு யாருக்கும் அந்தப் பேச்சு கேட்கவில்லை. நாயனம் அப்படி நிறைந்து கிடந்தது.

ஐயர் தவித்துக்கொண்டிருந்தார். "முகூர்த்தம் போயிண்டிருக்கு! முகூர்த்தம் போயிண்டிருக்கு!" பெண்கள் பக்கம் கசமுசவென்று சத்தம். இனி ஒருவரும் உதவ மாட்டார்கள் என்று தெரிந்தது. எனக்குத்தான் வாய் இருக்கிறதே. அவர் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

"கட்டறதுன்னாக் கட்டுங்க. இல்லாட்டி அதை இப்படிக் குடுங்க, நானே கட்டிக்கறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என் புருஷன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"செத்த இருங்க. அவரு கீழ வந்து நிக்கட்டும்."

நல்லவேளை, அந்தப் பெரியவர் அதிகம் சோதிக்கவில்லை. மேலே சுற்றித் திரிந்த ராகத்தைக் கைப்பிடித்துப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்து, கீழே, புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தினார். இவர் கை இறங்கியது. தவில் இடித்தது. தாலி ஏறியது. பின்னால் நின்று விளக்குப் பிடித்த மாப்பிள்ளையின் அத்தை, "அடி ஆத்தே! சரியான சோடிதான். ரெண்டும் கிறுக்கு" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

பந்தியில் அப்பா சோடாக் கடைக்காரரைக் கண்டுபிடித்துச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "ஏனுங், மேளக் கிறுக்குன்னு ஒரு வார்த்தை சேத்திச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா? சாமி வருதுன்னு வேற சொல்லிப்போட்டீங்களே!"

அந்த மனிதர் மிரண்டு போய்விட்டார். "அண்ணே, சாமின்னா வீதியில சப்பரத்துல வர்ற சாமிண்ணே! சாமி வந்தா முன்னாடி மேளம் வரும்ல? அந்தப் பையனுக்குக் கிறுக்குன்னா மேளம்தான்னு சிம்மக்கல்லு பூராத் தெரியுமே. தெரிஞ்ச ஆளுக்கு முன்னாடி எதுக்குண்ணே இன்னொரு வார்த்தை?"

அப்பா தன் இடத்துக்குத் திரும்பினார். இலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு நல்ல பையனைப் பற்றித் தான் எதையெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்து அவர் காலில் விழுந்தார்.

"மாமா, நீங்க எந்திரிச்சதைப் பாத்தேன்" என்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் நடுவில் அரைக்கண் திறந்திருக்கிறார்! "துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நின்னீங்களே. அம்புட்டுக் கூட்டத்துல அந்த மகானுக்கு எந்திரிச்சு மரியாதை செஞ்சது நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தெரியாமப் போச்சே, உங்களுக்கும் கிறுக்கு இருக்குன்னு! சித்திரைக்கு வாங்க மாமா. நாலு வீதியும் நான் கூட்டிட்டுப் போறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் முன்னால் தோள்துண்டை இடுப்பில் கட்டுவது பணிவு என்பது சரிதான். சண்டைக்குப் போகிறவனும் அப்படித்தானே கட்டுகிறான்!

"வாரேனுங்க மாப்ள" என்றார் அப்பா. வேறு என்ன சொல்லுவார்?

வந்தார். அந்தச் சித்திரைக்கு வந்தார், அடுத்த சித்திரைக்கும் வந்தார். யுத்த காலத்தில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆளாய்ப் பறந்த வருஷங்களிலும், ரயிலில் நின்றுகொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் அவரை முன்னால் விட்டுக்கொண்டு மாசி வீதி முழுக்கச் சாமிக்கு முன்னால் நடப்பார். வழியில் பார்ப்பவரிடமெல்லாம், "எங்க மாமா. பெரிய மேளக் கிறுக்கு. கல்யாணத்துல எந்திரிச்சு நின்ன மனுசன்" என்று சொல்லுவார்.

அப்பாவுக்கோ சங்கீதம் சுத்தமாக வராது. பருத்தியை விரலால் இழுத்துப் பார்த்து எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். காது விஷயத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மேளமே அவருக்குப் போதும். முதல் வருஷம் வீடு திரும்பியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காலு கடுக்குது அம்மிணி. தலையை எப்ப ஆட்டோணும்னு ஒண்ணும் புரியலை. மாப்பிள்ளையைப் பாத்துப் பாத்து ஆட்டிக்கறேன்" என்றார்.

"உள்ளதைச் சொல்லிருங்களேன்ப்பா" என்றேன்.

"எதைச் சொல்றது? உங்களைக் கிறுக்கன்னு நெனச்சு எம் பொண்ணை இழுத்துக்கிட்டுப் போக வந்தேன்னா? மனசு உட்டுப்போயிரும் அவருக்கு. தலையை ஆட்டறதுல எனக்கென்ன நட்டம்?"

மாப்பிள்ளை மனசு நோகக்கூடாது என்று வருஷா வருஷம் வெயிலில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாய் சும்மா இருந்த ஒரே விஷயம் இதுதான்.

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு அடங்கினாரா என்று கேட்டால், என் மாமியாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புளி வாங்கிவர அனுப்பினால், வழியில் எங்கேயோ கல்யாண வீட்டில் மேளம் கேட்டு உள்ளே போய்விடுவார். யார் வீடு, யார் கல்யாணம், ஒன்றும் தெரியாது. சாப்பிட வைத்து அனுப்புவார்கள். புளி இல்லாமல், வெற்றிலை பாக்குப் பையோடு வந்து நிற்பார். நான் கத்துவேன். "தோடிடீ" என்பார் பரிதாபமாக. தோடியைக் கரைத்து ரசம் வைக்க முடியுமா? இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் நிலைக்காது. பொய் சொல்லத் தெரியாத அதே முகம்.

யுத்தம் முடிந்து வந்த ஒரு சித்திரை. காலையில் சாமி புறப்பாட்டுக்கு அப்பாவும் இவரும் போனார்கள். பொழுது உச்சிக்கு வந்தும் திரும்பவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கோரிப்பாளையத்துப் பாய் வீட்டம்மா சொன்னது ஞாபகம் வந்து எரிச்சல்கூட வந்தது. அப்போது என் வீட்டுக்காரர் மட்டும் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"அப்பா எங்க?" என்றேன்.

"எனக்குப் பசிக்குது, போலாம் மாமான்னு எம்புட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். வர மாட்டேங்கிறாரு. நீயே வந்து கூப்பிடு."

எனக்குப் பக்கென்றது. வயசானவர், வெயில், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாரோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். மாசி வீதியில் சப்பரம் நின்றிருந்தது. அதற்கு முன்னால் ஓர் இளம் நாயனக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பாத்திரக் கடையின் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது. தலை ஆடிக்கொண்டிருந்தது. பார்த்து ஆட்டுவதற்கு மாப்பிள்ளை அங்கே இல்லை, என் பக்கத்தில் நிற்கிறார். அப்பாவின் கண்ணும் திறந்திருக்கவில்லை. நாயனம் ஏறியபோது அந்த நரைத்த முகவாய் ஏறியது. அது இழைந்து நின்ற இடத்தில் தலை நின்றது. கன்னத்தில் தண்ணீர் கோடு போட்டிருந்தது.

அது சாவேரி. இப்போது எனக்குத் தெரியும்.

நான் குனிந்து அவர் காதருகே, "அப்பா, எந்திரிங்க. போலாம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. இடக்கையை மட்டும் தூக்கி என்னை நிறுத்தினார்.

"இரு அம்மிணி. அவரு கீழ வந்து நிக்கட்டும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூட்டத்தில் நின்ற சோடாக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "என்ன தங்கச்சி, கண்ணைத் துடைக்கிறே? அப்பாவுக்கு என்ன?"

"கிறுக்குண்ணே" என்றேன். முன்னால் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.